ஊசியில் நூல் கோத்த அப்பா, வாசல் நிலையில் இடித்துக்கொண்ட அப்பா
(இழையைத் தொடங்கியவர் தலைப்பை மாற்றியுள்ளார். முதல் தலைப்பு: எங்கள் வீட்டுக் குருட்டுத்தனம்)

வைகைக்கரை | செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் படிப்பதோடு சரி, அதிகம் எழுதியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பா தையல்காரர். மதுரையில் நாற்பது வருடமாக ஒரே கடை, ஒரே மிஷின். வயது 66. போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் க்ளாகோமா, கண் நீர் அழுத்த நோய், முற்றிவிட்டது என்றார்கள். ஃபீல்டு டெஸ்ட் என்று ஒன்று எடுத்தார்கள். கிண்ணம் மாதிரி ஒரு மிஷினுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். நான் டெஸ்ட் எடுக்கும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒவ்வொரு புள்ளியாக வந்து போகிறது. அப்பாவின் கட்டைவிரல் அசையவே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று நினைத்து மெதுவாக "அப்பா" என்றேன்.

"இன்னும் ஆரம்பிக்கலையேம்மா" என்றார்.

அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

யோசித்தால் இரண்டு மூன்று வருடமாகவே எல்லாம் தெரிந்திருக்கிறது. இடது தோள் வாசல் நிலையில் இடிக்கும். தரையில் வைத்த தண்ணீர்ச் சொம்பை உதைத்துவிடுவார். என் பையன் காலடியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்க, அவன் கையை மிதித்துவிட்டார். அம்மா ஒவ்வொரு தடவையும் "கண்ணென்ன பொடனியிலயா இருக்கு?" என்பார். நானும் சிரித்திருக்கிறேன். தெருவில் ஒருவன் பைக்கை நிறுத்தி "குருடா, பாத்துப் போ" என்று கத்தினான். அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, "நீங்க கவனமா நடக்கணும்" என்று நாங்கள் அவருக்கே புத்தி சொன்னோம்.

ஏனென்றால் அவர் தினமும் காலையில் பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் படிப்பவர். ஊசியில் நூல் கோப்பவர். அப்படிப்பட்டவருக்குக் கண் தெரியவில்லை என்று யார் நினைப்பார்கள்? அவரே நினைக்கவில்லை. "எனக்கு எதுவும் மறைக்கலையே" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். கண்ணில் பாதி போனால் பாதி இருட்டாகத் தெரிய வேண்டாமா? ஒருவருக்குப் பார்வை போவது அவருக்கே எப்படித் தெரியாமல் போகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண் நன்றாக இருக்கிற நாங்கள் நாலு பேர் வீட்டில் இருந்தும் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பு.

சொட்டுமருந்து | செவ்வாய், இரவு 11.25

அம்மா, முதலில் ஒன்று. நீங்கள் மட்டும் இப்படி ஏமாறவில்லை. நான் 14 வருடமாகக் கண் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். "இன்னும் ஆரம்பிக்கலையே" என்பதை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன்.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டீர்கள். இதை இப்போதே உட்கார்ந்த இடத்தில் செய்து பாருங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நேரே நீட்டி, கட்டைவிரல்களை நிமிர்த்தி ஒட்டினாற்போல வையுங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் பாருங்கள், கண்ணை நகர்த்தக் கூடாது. இப்போது வலது கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகப் போகும்போது வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் திரும்ப வந்துவிடும்.

அந்த இடத்தில்தான் பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியே போகிறது. அங்கே ஒளியை வாங்கும் செல்லே கிடையாது. பிறந்ததிலிருந்து நம் எல்லோருக்கும் ஒவ்வொரு கண்ணிலும் இந்த ஓட்டை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் மரியோட் 1660களில் இதைச் சொல்லும் வரைக்கும் இப்படி ஒன்று இருப்பதாக எழுதி வைத்தவர் இல்லை. விரல் மறைந்தபோது அங்கே கறுப்பாக ஏதாவது தெரிந்ததா? தெரிந்திருக்காது. பின்னால் இருந்த சுவர் தெரிந்திருக்கும். சுற்றியிருக்கிற நிறத்தை எடுத்து மூளை அந்த இடத்தை ஒட்டுப்போட்டுவிடுகிறது. ஒட்டுப்போட்டது நமக்குத் தெரிவதே இல்லை.

அப்பாவுக்கு நடந்ததும் அதுதான். கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் நிற்கும். ஊசிக்கும் பேப்பருக்கும் நடுப்பார்வை போதும். நிலையும் சொம்பும் குழந்தையின் கையும் ஓரத்தில் இருப்பவை. அந்த ஓரத்தை அப்பாவின் மூளை சுவராலும் தரையாலும் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. படங்களில் சுற்றிலும் கறுப்பு வளையம் போட்டுக் காட்டுவார்கள். பெரும்பாலான நோயாளிகள் அப்படிச் சொல்வதில்லை. மங்கல் என்பார்கள், இல்லையென்றால் எதுவுமே இல்லை என்பார்கள்.

போன பார்வை திரும்பாது. இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கண்புரை என்றால் லென்ஸ் வைத்தால் மறுநாளே பேரன் முகம் தெரியும். இது அப்படி இல்லை. ஆனால் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், அதற்குத் தினமும் ஒரே நேரத்தில் விட வேண்டும். "நல்லாத்தானே தெரியுது" என்று நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் மிச்சமும் போகிறது.

அப்புறம், நீங்களும் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளும் இந்த மாதத்துக்குள் கண்ணைக் காட்டுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இருந்தால் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது போதாது. பாவையைப் பெரிதாக்கும் சொட்டு விட்டு நரம்பைப் பார்க்க வேண்டும். "எனக்கு பிரஷர் நார்மல்" என்பார்கள். அது ரத்த அழுத்தம், இது வேறு. கண் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரைக்கும் இருக்கும். அதற்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு, அதனால்தான் நரம்பையே பார்க்கச் சொல்கிறேன். கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் சொட்டு மருந்து சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும்.

ஆறுபுள்ளி | புதன், காலை 6.10

வைகைக்கரை சகோதரிக்கு. உங்கள் பதிவை நான் காதால் கேட்டேன். போனில் இருக்கும் திரைவாசிப்பான் வாசித்தது. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கு 22 வருடமாகப் பிரெயில், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து, சொல்லித்தருகிறேன். அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை மிகவும் பாதித்தது. அதனால்தான் இதையும் சொல்கிறேன்.

தலைப்பை மாற்ற முடியுமா?

குருடன் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. என் பாட்டி அன்பாகச் சொன்ன சொல் அது. ஆனால் நீங்கள் "குருட்டுத்தனம்" என்று எழுதியது கவனக்குறைவை. அலட்சியத்தை. உங்கள் வீட்டில் நடந்ததற்கும் பார்வையின்மைக்கும் என்ன தொடர்பு? எனக்குக் கண் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு நிமிடம்கூட அதை நான் மறந்ததில்லை. தெரிந்ததால்தான் கோல் எடுக்கிறேன், காதைத் தீட்டி வைத்திருக்கிறேன், சொம்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்டு வைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் இருந்தது இதற்கு நேர் எதிரான ஒன்று.

மனம் நோகும்படி சொல்லியிருந்தால் மன்னியுங்கள். நோக வைப்பதற்காகச் சொல்லவில்லை.

வைகைக்கரை | புதன், காலை 9.02

ஐயா, மாற்றிவிட்டேன். பைக்கில் வந்தவன் அப்பாவைச் சொன்ன அதே சொல்லை நானே தலைப்பில் வைத்திருக்கிறேன் என்பது நீங்கள் சொன்ன பிறகுதான் உறைத்தது.

எழுத்தாணி | புதன், மாலை 5.30

ஆறுபுள்ளி ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. குருட்டு நம்பிக்கை, குருட்டுப் பாடம், குருட்டு அதிர்ஷ்டம் என்று மொழியில் ஊறிக் கிடப்பவற்றை என்ன செய்வது? திருமூலர் "குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவீழு மாறே" என்கிறார். நல்ல குருவைத் தேடாதவர்களைச் சொல்கிறார், கண் தெரியாதவர்களை அல்ல. அந்தப் பாட்டிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கினால் பாட்டே இல்லை. உவமையை உவமையாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?

வைகைக்கரை கேட்ட கேள்விக்கு இன்னொரு பழைய சங்கதி. உரோமை நாட்டுத் தத்துவ அறிஞர் செனெகா ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் மனைவியின் வீட்டில் ஹர்ப்பாஸ்டே என்று ஒரு பெண். திடீரென்று பார்வை போய்விட்டது. ஆனால் போனது அவளுக்குத் தெரியவில்லை. வீடு இருட்டாக இருக்கிறது, வேறு இடத்துக்கு அழைத்துப்போ என்று கூட இருப்பவரை நச்சரிக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துச் சிரிக்கிறோமே, நமக்கும் இதுதானே நடக்கிறது என்கிறார் செனெகா. பேராசைக்காரன் எவனும் தன்னைப் பேராசைக்காரன் என்று நினைப்பதில்லை, காலத்தையும் ஊரையும்தான் பழி சொல்கிறான் என்று போகிறது அந்தக் கடிதம்.

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கடிதம். படித்ததிலிருந்து மனதில் நிற்கிறது.

ஆறுபுள்ளி | புதன், இரவு 8.45

எழுத்தாணி ஐயா, திருமூலரிடமிருந்து நான் எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. பாட்டு இருக்கட்டும். பாட்டிலிருந்து அந்தச் சொல் இறங்கி எங்கே போய் உட்கார்கிறது என்று சொல்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு வங்கிக்குப் போனேன். கணக்கில் ஒரு திருத்தம். கவுன்டரில் இருந்தவர் என் கையைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தப் போனார். நான் கையை இழுத்துக்கொண்டு, "சார், நான் கையெழுத்துப் போடுவேன்" என்றேன். எம்.ஏ. படித்தவன், ஆசிரியர் வேலை என்றும் சொன்னேன். சட்டைப்பையில் எப்போதும் ஓர் அட்டை வைத்திருப்பேன், நடுவே கையெழுத்து அளவுக்கு ஒரு சந்து வெட்டியது. அதைப் படிவத்தின் மேல் வைத்தால் அந்தச் சந்துக்குள் நேராகக் கையெழுத்துப் போட்டுவிடலாம். எடுத்துக் காட்டினேன். அவர் என்னிடம் பேசவில்லை, கூட வந்த என் மாணவனிடம் சொன்னார்: "இவருக்குப் படிக்கத் தெரியாதவங்களுக்கான படிவம்தான் தம்பி." அந்த மாணவன் பத்தாவது படிக்கிற பையன். அவனுக்குப் பிரெயில் சொல்லித்தந்தவன் நான்.

அவர் கெட்டவர் அல்ல. போகும்போது கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டார். ஆனால் கண் தெரியாது என்றால் ஒன்றும் தெரியாது என்று அவருக்குள் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான், கவனித்தீர்களா? கண் தெரியாது. கணக்குத் தெரியாது. இந்த வழுக்கலில்தான் நாங்கள் தினமும் சறுக்கி விழுகிறோம்.

வள்ளுவரைப் பாருங்கள். "கண்ணுடையர் என்பவர் கற்றோர் முகத்திரண்டு புண்ணுடையர் கல்லா தவர்." இந்தக் குறளை வகுப்பில் நடத்தும்போது என் பிள்ளைகள் யாரும் சுருங்கிப்போவதில்லை. ஏனென்றால் இங்கே அடி வாங்குகிறவன் முகத்தில் இரண்டு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு படிக்காதவன். பார்வை இல்லாதவனை அவர் இதில் இழுக்கவே இல்லை. படித்த என் பிள்ளைகள் அந்தக் கணக்கில் கண்ணுடையவர்கள். அப்படியும் உவமை செய்யலாம் இல்லையா?

எழுத்தாணி | வியாழன், காலை 7.15

இரவு முழுக்க யோசித்தேன். "முகத்திரண்டு" என்ற சொல் இவ்வளவு வேலை செய்கிறது என்று இத்தனை வருடம் பாடம் நடத்தியும் நான் கவனித்ததில்லை.

வைகைக்கரையின் அப்பாவுக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால் இன்னொரு குறள் நினைவுக்கு வருகிறது. "காணாதாற் காட்டுவான் தான்காணான் காணாதான் கண்டானாம் தான்கண்ட வாறு." புல்லறிவாண்மையில் வருவது, 849. காணாதவன் இருட்டில் இல்லை. தான் கண்டவாறே கண்டுகொண்டுதான் இருக்கிறான், கண்டதாகவே நம்புகிறான். சொட்டுமருந்து சொன்ன அந்த ஒட்டுப்போடும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு வரி எனக்குத் தோன்றவில்லை. இங்கேயும் குருடு என்ற சொல் இல்லை.

ஆனாலும் ஐயா, ஒன்றில் நான் இன்னும் உங்களோடு ஒத்துப்போகவில்லை. பெயரை மறைப்பதால் மரியாதை வந்துவிடாது. புலவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார் அந்தகர், அதாவது கண் தெரியாதவர், என்ற பெயரோடுதான் அரசவைகளில் நிமிர்ந்து நின்றார். பழநி மாம்பழக் கவிச்சிங்க நாவலருக்கு மூன்று வயதில் அம்மையில் கண் போனது. அதைச் சொல்லாமல் அவர் நினைவாற்றலைச் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

அப்புறம் ஒரு சந்தேகம். பிரெயிலில் தமிழ் எப்படி எழுதுகிறீர்கள்? கொம்பு, சுழி எல்லாம் உண்டா?

ஆறுபுள்ளி | வியாழன், பிற்பகல் 1.20

பெயரை மறைக்க வேண்டாம் என்பதில் நானும் உங்களோடுதான். மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொண்டே படிக்கட்டில் கைப்பிடி வைக்காதவர்களை எனக்குத் தெரியும். என் சண்டை பெயரோடு அல்ல. இல்லாத அறிவுக்கும் இல்லாத அக்கறைக்கும் எங்கள் உடம்பை உதாரணம் காட்டுவதோடுதான்.

பிரெயிலைக் கேட்டது சந்தோஷம். லூயி பிரெயில் மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் குத்தும் ஊசி பட்டுக் கண்ணை இழந்தவர். 1824இல், 15 வயதில், முனை மழுங்கிய ஊசியால் தாளில் புள்ளிகளை மேடாக எழுப்பி, விரலால் தடவிப் படிக்கும் இந்த எழுத்தை உருவாக்கினார். ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி, அவ்வளவுதான். அதிலிருந்து 63 வடிவங்கள். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் 1951இல் வந்தது. அ என்றால் 1ஆம் புள்ளி. க என்றால் 1, 3.

கொம்பு கிடையாது. நீங்கள் "கெ" எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டு அப்புறம் க போடுகிறீர்கள். வாயில் க்தான் முதலில் வருகிறது, கண்ணுக்கு மட்டும் கொம்பு முன்னால் நிற்கிறது. நாங்கள் முதலில் க, அடுத்து எ. ஒலி வரும் வரிசையிலேயே விரல் போகிறது. முதல் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தருவது எவ்வளவு எளிது தெரியுமா?

அந்தகக்கவியாரைச் சொன்னீர்களே, அவர் தன் முதுகில் எழுதச் சொல்லி எழுத்துகளைக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். உண்மையோ கதையோ, தோலால் எழுத்துப் படித்த ஒருவர் பிரெயிலுக்கு முன்பே தமிழில் இருந்தார் என்று என் பிள்ளைகளிடம் வருடா வருடம் சொல்கிறேன். சொல்லும்போது யாராவது ஒரு பிள்ளை முன்னால் இருப்பவன் முதுகில் எழுத ஆரம்பித்துவிடும்.

சுன்னாகத்தாள் | வியாழன், இரவு 9.50

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்பதா விடுவதா என்று யோசித்தேன். கேட்டுவிடுகிறேன்.

என் அம்மம்மாவுக்கு 84 வயது. யாழ்ப்பாணத்தில் எங்களோடுதான் இருக்கிறா. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, முகம் தெரியாது, ஆட்கள் நடமாடுவது மட்டும் தெரியும். ஆறு மாதமாக அவ ஆட்களைக் காண்கிறா. முற்றத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நிற்பதாகச் சொல்வா. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், ரிப்பன் எல்லாம் சொல்வா. "ஏன் பிள்ளை, அதுகள் ஒண்டும் கதைக்காமல் நிக்குதுகள்?" என்று என்னைக் கேட்பா. அங்கே யாரும் இல்லை.

மாமி கோயிலில் நூல் கட்டிக்கொண்டு வந்தா. அயலில் மூளை பிசகிவிட்டது என்கிறார்கள். ஆனால் அம்மம்மா கணக்கு வழக்கெல்லாம் சரியாகச் சொல்வா, தேங்காய் விலை முதற்கொண்டு. போன கிழமை தனியாக இருக்கும்போது என் கையைப் பிடித்து, "எனக்கு விசர் பிடிச்சிட்டுதோ?" என்று அழுதா. என்ன பதில் சொல்வது?

சொட்டுமருந்து | வியாழன், இரவு 10.05

சகோதரி, இன்றைக்கே அம்மம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்: பைத்தியம் இல்லை. பேயும் இல்லை. அவர்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது கண்ணின் வேலை போலத்தான் இருக்கிறது.

இதற்குப் பெயர் இருக்கிறது. சார்ல் போனே நோய்க்குறி. 1760இல் சுவிட்சர்லாந்துக்காரர் போனே தன் தாத்தாவுக்கு நடந்ததை எழுதி வைத்தார். பார்வை மங்கிய அந்தத் தாத்தா ஆட்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கண்டார், புத்தி தெளிவாக இருந்தது. கண்ணிலிருந்து வரவேண்டிய சேதி குறைந்துபோனால் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானே படம் போட ஆரம்பித்துவிடுகிறது. வைகைக்கரை அப்பாவுக்குச் சுவரை வைத்து அடைத்தது, உங்கள் அம்மம்மாவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அனுப்புகிறது.

இந்த உருவங்கள் பெரும்பாலும் பேசாது. "ஒண்டும் கதைக்காமல் நிக்குதுகள்" என்று அவர்களே சரியாகச் சொல்லிவிட்டார்கள். அவை இல்லை என்பதும் சொன்னால் அவர்களுக்குப் புரியும். குரல் கேட்கிறது, யாரோ மிரட்டுகிறார்கள், நினைவு தடுமாறுகிறது என்றால் அது வேறு, அதற்கு வேறு டாக்டரைப் பார்க்க வேண்டும். எப்படியும் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். புதிதாக ஆரம்பித்த மருந்து ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். வரும்போது அறை விளக்கைப் போடுவது, கண்ணைச் சிமிட்டுவது, இடப்பக்கம் வலப்பக்கம் பார்வையை ஓட்டுவது என்று செய்தால் சிலருக்குக் கலைந்துவிடும். நிறையப் பேர் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து வெளியே சொல்வதே இல்லை. உங்கள் கையைப் பிடித்துச் சொன்னார்களே, அதுவே பெரிய விஷயம்.

எழுத்தாணி சொன்ன ஹர்ப்பாஸ்டே கதைக்கும் மருத்துவத்தில் இடம் உண்டு. பக்கவாதத்தில் மூளையின் பின்பக்கம் இரண்டு புறமும் அடிபட்டால் கண் நன்றாக இருந்தும் பார்வை முழுக்கப் போய்விடும். அவர்களில் சிலர் பார்வை இருக்கிறது என்றே சாதிப்பார்கள். நான் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். என் சட்டை என்ன நிறம் என்று கேட்டதற்கு உடனே பச்சை என்றார். நான் வெள்ளைக் கோட்டில் இருந்தேன். பொய் சொல்லவில்லை அவர். பச்சை என்றே நம்பினார். ஆன்டன் என்ற டாக்டர் பெயரால் இதைச் சொல்கிறார்கள். அந்த உரோமைப் பெண்ணுக்கும் இதுதானா என்று இத்தனை காலம் கழித்து யாராலும் சொல்ல முடியாது, ஆனால் படித்ததும் எனக்கு அந்தப் பச்சைச் சட்டைதான் நினைவுக்கு வந்தது.

சுன்னாகத்தாள் | வெள்ளி, காலை 6.40

சொன்னேன். "அப்ப எனக்கு விசர் இல்லை" என்று மூன்று தரம் கேட்டா. பிறகு, "அந்தக் கடைசிப் பிள்ளைக்கு ரிப்பன் அவிழ்ந்து கிடக்குது, பாவம்" என்றா. சிரித்துக்கொண்டு சொன்னா. எவ்வளவு காலத்துக்குப் பிறகு சிரிக்கிறா. உங்களுக்குப் பெரிய நன்றி.

கடைக்கோடி | வெள்ளி, காலை 11.30

இந்த இழையில் சேர்க்க என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. நானும் தெருவில் வண்டியிலிருந்து அப்படிக் கத்தியிருக்கிறேன், ஒருமுறை அல்ல. இனி முடியாது.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 8.15

சொட்டுமருந்து அண்ணா, இன்னொரு உதவி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப் போடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா கூசுகிறார். "பேப்பர் படிக்கிறவன் போய் கண்ணு தெரியலைன்னு நின்னா ஊர் என்ன சொல்லும்?" என்கிறார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நேற்றுப் பேருந்தில் அப்பா ஜன்னல் ஓரம் செல்போனில் செய்தி படித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது நடுவில் வைத்திருந்த சாக்கு மூட்டையில் தடுக்கி விழுந்தார். ஒருவர் சொன்னார், "போன் பாக்கத் தெரியுது, மூட்டை தெரியலையாக்கும். நடிப்பு." எனக்கு அழுகை வந்துவிட்டது.

சொட்டுமருந்து | ஞாயிறு, இரவு 9.00

அப்பாவிடம் இதைச் செய்து காட்டுங்கள். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மை என்பதை இரண்டு விதமாக அளக்கிறது. ஒன்று கூர்மை: நல்ல கண்ணில் கண்ணாடி போட்டும் 3/60க்குக் கீழே, அதாவது மற்றவர்கள் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை 3 மீட்டரில்கூடப் படிக்க முடியாதது. இன்னொன்று பரப்பு: பார்வைப் புலம், அதாவது கண்ணை நகர்த்தாமல் தெரியும் பரப்பு, 10 டிகிரிக்குள் சுருங்கியிருந்தாலும் பார்வையின்மைதான். முஷ்டியைவிடச் சிறிய சந்து வழியாக 6/6 எழுத்தை, அதாவது நல்ல கண் படிக்கும் எழுத்தை, படிக்கிற ஒருவரும் சட்டப்படி பார்வையற்றவர். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

ஒரு பேப்பரைச் சுருட்டிக் குழாயாக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணில் வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்து பாருங்கள். எழுத்துப் படிக்கலாம். சொம்பு தெரியாது.

ஆறுபுள்ளி | திங்கள், காலை 6.20

அப்பாவோடு நடப்பது பற்றிக் கொஞ்சம் சொல்லட்டுமா. பின்னாலிருந்து தள்ளாதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவர் கைக்குத் தெரியும். படி வந்தால் நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்று சொல்லுங்கள். "பாத்து, பாத்து" என்று சொல்வதில் எந்தத் தகவலும் இல்லை. "இடப்பக்கம் முட்டி உயரத்தில் ஸ்டூல்" என்றால் தகவல். வீட்டில் சாமானுக்கு ஓர் இடம் என்றால் அதே இடம். அறையை விட்டுப் போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார், அது ரொம்பச் சங்கடம்.

வெள்ளைக் கோல் எடுக்கச் சொல்லுங்கள். கோல் அவருக்குத் தரையைச் சொல்லும், ஊருக்கு அவரைச் சொல்லும். அந்தப் பேருந்து ஆளுக்கும் சேர்த்துத்தான். கூச்சம் இருக்கும். என் மாணவர்களில் ஓரளவு பார்வை உள்ள பிள்ளைகள்தான் கோலுக்கு அதிகம் கூசுவார்கள். அவர்களுக்கு நான் பிரெயிலைவிடக் கோலைத்தான் கஷ்டப்பட்டுச் சொல்லித்தருகிறேன்.

வைகைக்கரை | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 6.45

எல்லோருக்கும் ஒரு சேதி சொல்ல வந்தேன்.

அண்ணனுக்குக் கண் அழுத்தம் 28. வயது 41. நரம்பில் ஆரம்பநிலைச் சேதம் இருக்கிறதாம், பார்வைப் புலம் இன்னும் முழுதாக இருக்கிறது. சொட்டு ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இப்போதைக்கு இல்லை, வருடத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். சொட்டுமருந்து அண்ணா அன்று ராத்திரி அந்த ஒரு பத்தியை எழுதாமல் இருந்திருந்தால் அண்ணன் போயிருக்கவே மாட்டான்.

வீட்டில் குழாய் வைத்து நடந்து பார்த்தோம். அம்மா நாலு அடி வைத்ததும் சொம்பை உதைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. அதற்கப்புறம் சொம்பு வைக்க அடுப்புத் திட்டின் மேலே ஓர் இடம் ஒதுக்கிவிட்டார்.

கோல் வாங்கி ஒரு வாரம் அப்பா தொடவில்லை. மடக்கு கோல், கதவுக்குப் பின்னால் கிடந்தது. போன புதன்கிழமை கடையிலிருந்து நீலத் துணியில் ஓர் உறையோடு வந்தார். கால்சட்டைத் துணி மிச்சமாம். கோலை மடக்கி அளவெடுத்து, இடுப்பு வாரில் மாட்ட ஒரு வளையமும் வைத்துத் தைத்திருக்கிறார். தையல் ஒரு இழை கோணவில்லை. மறுநாள் காலையில் அதை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டு வந்தார்.

ஆறுபுள்ளி | சனி, இரவு 7.30

அப்பாவிடம் சொல்லுங்கள், எனக்கும் அப்படி ஓர் உறை வேண்டும். என் கோல் மடக்கினால் ஒன்றேகால் சாண் வரும், நாலு விரல் பருமன். எந்த நிறமானாலும் சரி. வாய்ப்பக்கம் எது என்று தொட்டதும் தெரியும்படி ஓரத்தில் ஒரு நூல் முடிச்சு மட்டும் போடச் சொல்லுங்கள். கூலி கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் இன்னும் பதினொரு கோல் இருக்கிறது, பிள்ளைகளின் அளவு எடுத்துத் திங்கட்கிழமை அனுப்புகிறேன்.